விருந்தினர் வசதிக்காக

ஒரு நாகரிகத்தின் ஆன்மா அதன் கோட்டைகளில் இல்லை, நூலகங்களில் இல்லை. அது இரவில் இழுத்துப் போர்த்திக்கொண்ட போர்வைகளில்தான் இருக்கிறது. இந்த வாக்கியத்தை இருபத்திரண்டு வருடங்களாக, வாரத்துக்கு மூன்று முறை, காட்சியகத்துக்கு வருபவர்களிடம் சொல்லி வருகிறேன். ஆன்மா என்று நான் குறிப்பிடுவதில் பெரும்பகுதி தலை எண்ணெய். மீதியில் பாதி எச்சில், பாதி குழந்தைகளின் மூத்திரம். அதை எடுத்துவிட்டு நாகரிகத்தைத் திரும்ப ஒப்படைப்பது என் வேலை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. நல்ல பழக்கம். எங்கள் அறையிலும் அப்படித்தான். ஒரு பழைய ஒட்டுப் போர்வை வந்தால் உடனே தண்ணீரில் போட்டுவிட மாட்டோம். துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் ஓட்டுத் தையலால் பிடித்த சாமான் அது. முதலில் படம் எடுப்போம். ஓட்டைகளை எண்ணுவோம். ஒவ்வொரு வண்ணத்தின் மேலும் ஈரப் பஞ்சை ஒற்றி, சாயம் ஓடுகிறதா என்று பார்ப்போம். பிறகுதான் வலைமேல் கிடத்தித் தொட்டியில் இறக்குவோம். நனைந்த பழம்போர்வையும் குடித்துவிட்டு வந்த மைத்துனனும் ஒன்று. ஓரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் முழுக்கத் தாங்க வேண்டும்.

எங்கள் அறைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டும் இந்த வழக்கில் வருவதால் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, போர்வையிலிருந்து எதை எடுத்தாலும் எறியக் கூடாது. பூனை முடியானாலும் ஓர் உறையில் போட்டு, அகற்றியது என்ன, அகற்றியவர் யார், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன காரணம் என்று பென்சிலால் எழுதி ஒட்ட வேண்டும். என் அலமாரியில் நாலாயிரத்துச் சொச்சம் உறைகள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பால் பல். இன்னொன்றில் ஒரு காதல் கடிதத்தின் மூலை. ‘உன் அக்காவிடம் சொல்லாதே’ என்ற இடம் மட்டும்.

இரண்டாவது, சிவப்பு நூல். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பூச்சி வராமலிருக்கப் போர்வைகளுக்குள் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவி வைத்தார்கள். பூச்சி வரவில்லை. தூவியவர்களும் அதிக நாள் வேலைக்கு வரவில்லை. அந்தப் பொடி உள்ள போர்வையின் மூலையில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் பக்கத்தில் போகாதே என்று அதற்கு அர்த்தம்.

இனி ‘தேசத்தின் அரவணைப்பு’. ஆமாம், போர்வையின் பெயர்தான். எங்கள் முதல் தலைவர் தலைமறைவாக இருந்த முப்பது நாளும் போர்த்திக்கொண்டது. ஏழு தியாகக் குடும்பங்கள் கொடுத்த துணியில் அவருடைய தாயார் கண்ணீரோடு தைத்தது என்று நான்கு நூல்கள் சொல்கின்றன. நடுவே ஒரு பெரிய கறை இருந்தது. பிற்கால தேசத்தின் வரைபடம் அதில் முன்கூட்டியே பதிந்திருப்பதாக ஐந்தாவது நூல் நிறுவுகிறது. யாரோ படுக்கையில் சாப்பிட்டுத் தட்டைக் கவிழ்த்த கறை அது. நான் பரிசோதித்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் தொட்டியில் விரிசல் விட்டது. பழுது பார்க்க விண்ணப்பம் கொடுத்தேன். அந்த விண்ணப்பம் இன்றும் மிக நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு கைகூடப் பட்டதில்லை. தலைவரின் நூற்றாண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே போர்வையை வெள்ளைத் தாளில் சுற்றி, வாடகைக் காரில் மடிமேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் குளியலறைத் தொட்டி பெரியது. இது விதிமீறல், ஒப்புக்கொள்கிறேன். கட்டில்மேல் விரித்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது துவைக்கும் இயந்திரம் பாடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் அது ஒரு சின்ன மெட்டு வாசிக்கும்.

“எதுக்கு இப்படி மொறைக்கிறீங்க?” என்றாள் என் மனைவி. “கட்டில்ல ஒரு கந்தல் கெடந்துச்சு. நாத்தம் தாங்கல. உங்க சாக்ஸோட சேத்துப் போட்டுட்டேன்.”

“சுடுதண்ணியா?”

“பின்ன? அந்த அழுக்குக்குப் பன்னீரா தெளிப்பாங்க?”

“அடியே, அது தேசத்தின் அரவணைப்பு.”

“அதான் அவ்வளவு நாத்தமா?”

அந்தக் காலத்துக் கறுப்புச் சாயத்தில் இரும்பு உண்டு. அது வருடக் கணக்கில் துணியை உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும். அதனால் கறுப்புத் துண்டுகள் முதலில் கரைந்தன. மற்றவை பின்னால் போயின. கதவைத் திறந்தபோது முழுசாக மிஞ்சியவை என் சாக்ஸ்கள் மட்டும். அவை அவ்வளவு மென்மையாக என்றுமே இருந்ததில்லை. தேசம் முழுவதும் அவற்றின்மேல் ஒட்டியிருந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் காப்பி கொடுத்துத் தேற்றினாள்.

“இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? இன்னொண்ணு தச்சுட்டாப் போச்சு. ஒட்டுப் போட்ட துணிதானே, ராக்கெட்டா?”

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். அவள் சொன்னது தொழில்நுட்ப ரீதியில் சரி. கண்ணாடிப் பெட்டியில் ‘சிகிச்சையில் உள்ளது’ என்று ஒரு பலகை வைத்தேன். எங்கள் துறையில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பதினோரு மாதங்கள் தைத்தேன். மனைவி உதவுவதாகச் சொன்னாள். அவள் கைத் தையல் கோழி நடந்த மாதிரி இருக்கும் என்பதால் வேண்டாம் என்றேன். துணிக்கு அவள் பிறந்த வீட்டுப் பெட்டி கைகொடுத்தது. ஏழு தியாகக் குடும்பங்களின் துணி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது இருப்பவை என் மாமியாரின் உள்பாவாடைகளும் மாமனாரின் நான்கு சட்டைகளும்தான். என் மாமியாரும் தியாகத்தில் குறைந்தவர் அல்ல. அந்தச் சட்டைகளுக்குள் இருந்த மனிதரோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர்.

மூலப் போர்வையில் ஓர் அங்குலத்துக்கு ஒன்பது தையல். நானும் ஒன்பதுதான் போட்டிருக்க வேண்டும். கை கேட்கவில்லை, சில இடங்களில் அதைவிட நுணுக்கமாகப் பன்னிரண்டு வந்துவிட்டது. பதிவுக்காகச் சொல்கிறேன்.

உள்ளே வைக்கப் பழைய பஞ்சு வேண்டும். புதுப்பஞ்சு துள்ளும், தட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். காட்சியகத்தில் கழித்துக் கட்டிய போர்வை ஒன்று கிடந்தது. அதன் மூலையில் சிவப்பு நூல். அந்தப் பஞ்சை, முகமூடி போட்டுக்கொண்டு, உள்ளே வைத்துத் தைத்தேன். முடித்ததும் என் போர்வைக்கும் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். நான் மோசடிக்காரனாக இருக்கலாம்; பொறுப்பில்லாதவன் அல்ல.

கறைக்கு மூன்று நாள் ஆயிற்று. பழைய படங்களை வைத்து, தேயிலைச் சாற்றில் தூரிகை தொட்டு, கரையோரம் கரையோரமாகப் போட்டேன். மேற்கே ஒரு சொட்டு தவறி விழுந்துவிட்டது. காட்சிக்கு வைத்த இரண்டாம் மாதம் அந்தச் சொட்டைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இதுவரை அழுக்கு மறைத்திருந்த தீவு ஒன்று, நேர்த்தியான சலவையால் வெளிப்பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று பக்கத்து நாடு கடிதம் எழுதியதாகவும் கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த வருடம் முழுக்க நானும் இப்படித்தான் இருந்தேன். காலையில் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று, பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு என் மாமியாரின் உள்பாவாடைக்குத் தலைவணங்குவதைப் பார்ப்பேன். கால் தரையில் பாவாது. மதியம் அறைக்குள் போய்த் தனியாக இரண்டு சுற்றுச் சுற்றி ஆடிவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

அப்போதுதான் போர்வையை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. சான்றிதழ் என்றால் மூக்கு மேதை.

நாங்கள் வைத்த பெயர் அது. அவர் தன்னை முகர்வியல் அறிஞர் என்று சொல்லிக்கொள்வார். அப்படி ஓர் இயலை உலகத்தில் அவர் ஒருவர்தான் படித்தார், அவரே கற்பித்தார், தேர்வில் அவரே முதலிடமும் வாங்கினார். பழைய போர்வையை மோந்து பார்த்து வயதைச் சொல்வார். வயதோடு நிறுத்தமாட்டார். “தச்சவளுக்கு இடது கைப் பழக்கம். மழை நாள். மனசுல ஏதோ கவலை. மாமியாரா இருக்கலாம்,” என்பார். கூட்டம் கைதட்டும்.

எங்கள் இயக்குநர் அம்மா இரண்டு வாரம் தரையில் நடக்கவில்லை.

“அவர் ஒரு தடவ மூக்க வச்சாப் போதும் சார். அப்புறம் கடவுளே வந்து இது பொய்னு சொன்னாலும், நாம கடவுளத்தான் விசாரிப்போம்.”

“கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்குவாரா மேடம்?”

“என்ன சார் நீங்க? முகமூடி போட்டுட்டு மோந்து பாக்கிறது, கண்ண மூடிட்டுப் படிக்கிற மாதிரி. அவரே எழுதியிருக்காரே.”

எழுதியிருக்கிறார். ‘கையுறை அணிந்தவன் காதலிக்க மாட்டான்’ என்றும் எழுதியிருக்கிறார். அவருடைய முறை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் உள்ளங்கையால் போர்வையை ஓங்கி ஒரு தட்டு. பிறகு மேல் இடது மூலையைத் தூக்கி மூன்று மோப்பம். கடைசியாக நாக்கு நுனியால் அந்த மூலையை ஒரு தொடல். சாயத்தின் சுவையாம்.

என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள், ஐயா. அவர் உண்மையிலேயே மேதை என்றால் என் கதை முடிந்தது. வேலை போகும், கேடயம் போகும், நானும் என் மனைவியும் உள்ளே போவோம். பதினோரு மாத வேலையைக் கொளுத்திவிடுவார்கள். எனக்குப் பயம் வந்தது. பயந்த மனிதன் செய்கிற காரியத்தை நான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வருவதற்கு முந்தின நாள் மாலை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சிவப்பு நூலை வெட்டினேன். மேல் இடது மூலையில் இரண்டு தையலைப் பிரித்தேன். அவ்வளவுதான். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. எங்கள் தொழிலின் முதல் விதி, எதைச் செய்தாலும் திருப்பிச் சரிசெய்யக்கூடியதாகச் செய் என்பது. நூலைத் திரும்பக் கட்டிவிடலாம். தையலைத் திரும்பப் போட்டுவிடலாம். அந்த விதி அவர் ஒருவர் விஷயத்தில்தான் பொருந்தாமல் போயிற்று.

மறுநாள் கூடத்தில் நிற்க இடமில்லை. மேதை கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு தட்டுத் தட்டினார். பிரிந்த மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சின்னப் புகை எழுந்து விளக்கு வெளிச்சத்தில் மிதந்தது.

“வரலாற்றுத் தூசி,” என்றார் இயக்குநர் அம்மா, கண் கலங்க.

மேதை அந்தத் தூசிக்குள் முகத்தை நுழைத்து மூன்று முறை இழுத்தார். நாக்கை வைத்தார். அந்த நேரம் பார்த்துப் படக்காரருக்கு விளக்கு எரியவில்லை.

“ஐயா, இன்னொரு தடவ.”

இன்னொரு தடவை வைத்தார்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி, ஐயா. மூக்கு நிழல் விழுது.”

மூன்றாவது தடவையும் வைத்தார். ஒரு தடவையே போதும் என்பது என் மதிப்பீடு. புகழ் விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் பார்ப்பவர் அல்ல.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அடித்தொண்டையில் தீர்ப்புச் சொன்னார். “இது ஒரு தாயோட வாசனை. அந்தத் தாய் அழுதிருக்கா. தச்ச ஒவ்வொரு நாளும் அழுதிருக்கா.”

பின்னால் நின்ற என் மனைவி என் காதில் கிசுகிசுத்தாள். “எங்கம்மா எதுக்குங்க அழுதாங்க?”

“உங்கப்பாவ நெனச்சிருப்பாங்க.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். பக்கத்தில் இருந்தவர் எங்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தார். என் மனைவிக்கு நூல் விஷயம் தெரியாது, ஐயா. அவள் சிரித்தது வெறும் சிரிப்பு.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. போர்வை அசல் என்று அவர் சொல்லிவிட்டார். ஆபத்து நீங்கிவிட்டது. அந்த நிமிஷமே, வாயைக் கொப்பளியுங்கள், மருத்துவமனைக்குப் போவோம் என்று நான் சொல்லியிருக்கலாம். கை கழுவும் தொட்டி எட்டடி தூரத்தில் இருந்தது. நான் அவர் மீசையில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொள்ள ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்தேன். நன்றி சொன்னார். துடைத்த கைக்குட்டையைத் திருப்பி வாங்கி ஓர் உறையில் போட்டேன்.

மூன்றாம் நாள் இறந்தார். சான்றிதழ் விழா விருந்தில் ஏதோ கெட்டுப்போயிருந்தது என்று முடிவுகட்டி, எங்கள் சிற்றுண்டிச் சாலைச் சமையற்காரரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார். நான் பேசாமல் இருந்தேன். அவர் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பழகிய நாங்கள் யாரும் அந்த முடிவை எதிர்த்துப் பேசவில்லை. அவருடைய பெண்டாட்டி தினமும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவருக்கு நாற்காலி போடச் சொன்னேன். மேதையின் மூக்கை வெண்சாந்தில் வார்த்துக் காட்சிக்கு வைக்க இயக்குநர் அம்மா ஏற்பாடு செய்தார். அதைத் தூசி தட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. மென்தூரிகையால், வாரம் ஒருமுறை. இரண்டு துவாரங்களும் ஒரே அளவு இல்லை.

பிறகு ஆய்வகத்தில் மேதையின் உடலில் அந்தப் பொடியைக் கண்டுபிடித்தார்கள். சமையலறையில் அப்படியொரு பொடியே இல்லை என்று தெரிந்தது. நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள். உங்கள் ஆட்கள் ஆறு பேர் உட்கார்ந்து உறைகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அந்தப் பால் பல்லைப் பார்த்து ஒருவர் கண் கலங்கினார். மாலையில் நீங்கள் ஓர் உறையை என் முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தீர்கள்.

“‘அகற்றியது: சிவப்பு நூல், ஒன்று. அகற்றியவர்: நான். மாலை ஐந்து மணி. காரணம்: விருந்தினர் வசதிக்காக.’ இத நீங்களே எழுதினீங்களா?”

“ஆமாய்யா.”

“கொல பண்ணிட்டு ரசீது போட்டு வச்ச ஆள நான் இப்பத்தான் பாக்கிறேன்.”

“எழுதாம விட்டா ஆவணம் முழுமையா இருக்காதுங்க.”

அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேறு எந்தக் காட்சியகத்திலும் இவ்வளவு ஒழுங்காகப் பதிவு வைப்பதில்லை.

இன்று காலை நீங்கள் மேதையின் மனைவி சொன்னதைச் சொன்னீர்கள். மேதைக்கு இருபது வருடமாக எந்த வாசனையும் தெரியாதாம். “வீட்ல பால் தீஞ்சாக்கூட நான்தான் வந்து சொல்லணும். அப்புறம் போர்வைய எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்கன்னு கேட்டேன். சுத்தி நிக்கிறவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லிடுவேன்னார்,” என்றாராம் அந்த அம்மா. நான் சிரித்துவிட்டேன். மரியாதைக் குறைவாக அல்ல. உலகம் முழுவதும் ஒரு பாவாடைக்கு வணங்கியது. அதை உறுதிசெய்ய ஒரு மூக்கு வந்தது. அந்த மூக்கும் வெண்சாந்து மூக்கும் வேலையில் ஒன்றுதான். யாருக்கானாலும் சிரிப்பு வரும்.

ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. மேஜைமேல் இரண்டு பக்கத் தாளை எடுத்து வைத்தீர்கள்.

“இது அவரோட சான்றிதழ். வர்றதுக்கு முந்தின நாளே தட்டச்சு பண்ணி, எழுத்துப் பிழை பாக்கச் சொல்லிக் காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கார். இயக்குநர் அம்மா அத உங்ககிட்டத்தான் குடுத்தாங்களாம். மத்தியானம் மூணு மணிக்கு.”

“பிழை அதிகம் இல்லைங்க.”

“‘ஐயத்துக்கு இடமின்றி அசல்’னு மொத வரியிலயே இருக்கு. மூணு மணிக்கே உங்களுக்குத் தெரியும், அவர் உங்கள மாட்டிவிடப் போறதில்லன்னு. அஞ்சு மணிக்கு நூல வெட்டியிருக்கீங்க. அப்ப என்னய்யா பயம் உங்களுக்கு?”

நான் பாரம்பரியத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். போலி அறிஞர்களிடமிருந்து துறையைக் காப்பது ஒரு கடமை என்றேன். அறிவியல் என்றேன். என் காதுக்கே அது நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினீர்கள். ஓரிடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருந்தது.

என் பென்சில்தான், ஐயா.

அந்த வரியில் அவர், ‘தையல் வேலைப்பாடு சுமார்’ என்று எழுதியிருந்தார்.